பேத்தமங்களா ஏரித் தண்ணீரில் வெந்த கடலை

குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்கு வந்தபோது மங்கம்மாவுக்குப் பத்தொன்பது வயது. புருஷன் முனிரத்தினத்துக்குச் சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை. இருவருக்கும் சுரங்கத் தொழிலாளர் லைனில் தட்டி அடைத்த ஒரு குடிசை கிடைத்தது. ஊரிலிருந்து ஒரு மூட்டை மூக்கடலை, அதாவது கொண்டைக்கடலை, கொண்டு வந்திருந்தாள். அதை அவித்து, ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து விற்கலாம் என்று எண்ணம். சுண்டலுக்கு அவள் கை பேர்போனது. அது அவளுக்கே தெரியும்.

ஆனால் தங்கவயலில் கடலை வேகவில்லை.

முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டாள். விடிந்ததிலிருந்து எரித்தாள். விறகு தீர்ந்தது, தண்ணீர் வற்றியது, மறுபடி ஊற்றினாள். கடலை பெருத்தது, தோல் சுருங்கியது. உள்ளே மட்டும் கூழாங்கல்லாகவே இருந்தது. கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக்கொட்டிப் புரச இலையில் வைத்துக் கொடுத்தாள். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்த ஆட்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு தாடையைப் பிடித்தார்கள்.

"முனிரத்தினம், உன் பொண்டாட்டி கடலைய துளையில போட்டு கெட்டிச்சா வெடிமருந்தே வேணாம்டா!" என்றான் தங்கவேலு. அவனும் பூமிக்கடியில் அதே லெவலில் வேலை செய்கிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. ஒரு பிடி அள்ளி, நிதானமாக மென்று விழுங்கினான்.

"இன்னாமே இது, கடலையா கல்லா?" என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டான். கேட்ட குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவளுக்கு அழுகை வந்தது.

பழைய கடலை என்றாள் பக்கத்துக் குடிசைக்காரி. விறகு சரியில்லை என்றாள் இன்னொருத்தி. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றும் பேச்சு வந்தது. மங்கம்மா கடலையை மாற்றினாள், விறகை மாற்றினாள், சட்டியைக்கூட மாற்றிப் பார்த்தாள். அடுத்த ஐப்பசியில் ஒரு பகல் பூராவும் மழை கொட்டியது. லைன் கிணற்றுக்குப் போக முடியாமல், கூரை ஓரத்தில் குடத்தை வைத்து மழைத் தண்ணீரைப் பிடித்து உலையேற்றினாள். மூன்று நாழிகை கழித்து ஒரு கடலையை எடுத்து விரலால் நசுக்கினாள். வெண்ணெயாக வழுக்கியது. அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குற்றம் கடலையிலும் இல்லை, அவள் கையிலும் இல்லை. கிணற்றின் உப்புத் தண்ணீரில் இருந்தது.

மழை நின்றது. நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். ஆறு மைலில் பேத்தமங்களா ஏரி என்றார்கள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவெள்ளி இருக்கும்போதே இரண்டு குடங்களோடு நடந்தாள்.

ஏரிக்கரையைத் தொட்டபோது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வற்றி ஒதுங்கிய இடத்தில் கறுத்த வண்டல் மண். அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது. பனிக்குள் வெள்ளை வெள்ளையாக ஏதோ படுத்திருந்தது. மேகம் இரவில் இறங்கி, எழுந்து போக மறந்துவிட்டதோ என்று தோன்றியது அவளுக்கு. கிட்டே போனாள். துணிகள். இடுப்புக்குக்கூட எட்டாத செடிகளின்மேல் பழைய வேட்டிகளை விரித்திருந்தார்கள். சீப்புப் பல்லாக இலை. இலைக்கிடையில் ஊதா நிறத்தில் மூக்குத்தி அளவுக்குப் பூ. செடிக்கு நடுவே நடந்தாள். கெண்டைக்கால் சுரீரென்று எரிந்தது. விரலை இலையில் தொட்டு நாக்கில் வைத்தாள். புளித்தது.

"ஏய், யாரம்மா அது?"

பனிக்குள்ளிருந்து கம்பளி போர்த்த ஒரு பெண் வந்தாள். பார்வதம்மா. அந்த நிலத்தைப் பயிர் செய்கிறவள், நாற்பது வயதிருக்கும். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசினாள்.

"தண்ணிக்கு வந்தேங்க. இது இன்னா செடி?"

"இது தெரியாதா? கடலெ. கடலைச் செடி."

மங்கம்மா குடங்களைக் கீழே வைத்தாள். எத்தனை படி அவித்திருப்பாள்! அது எங்கே, எப்படி முளைக்கிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவள் ஊர்ப்பக்கம் நெல்லும் வேர்க்கடலையும்தான். மூக்கடலை சந்தையில் மூட்டையாகத்தான் பிறந்தது.

பார்வதம்மா ஒரு காயைப் பிதுக்கிக் காட்டினாள். உள்ளே ஒரே ஒரு பச்சை மணி, ஓரத்தில் கூர் மூக்கு. "இந்த மூக்கு இருக்கு பாரு, இதும் பக்கத்துலதான் முதல்ல வேர் வரும். மழை வேணாம் இதுக்கு. மண்ணுல இருக்கிற ஈரமும் பனியும் போதும். வடக்கேருந்து குதிரைப்படை வந்தப்ப குதிரைக்குன்னு கொண்டாந்தாங்களாம், சிந்தின எடத்துல எல்லாம் முளைச்சுதாம். எங்க மாமனார் சொல்வாரு. நிஜமோ பொய்யோ."

பேசிக்கொண்டே துணிகளை எடுத்து ஒரு மண் சட்டியில் பிழிந்தாள். பனியில் ஊறிய செடியின் புளிப்பு சொட்டுச் சொட்டாக இறங்கியது. வயிற்று மந்தத்துக்கு அதை விட மருந்தில்லை என்று ஒரு மிடறு கொடுத்தாள். மங்கம்மாவின் கண் தானாக மூடியது. மூடிய கண்ணுக்குள் பச்சையாகத் தெரிந்தது.

அன்று தொடங்கியது அவர்கள் பழக்கம். பார்வதம்மாவின் காய்கறி வண்டி வாரம் ஒருமுறை தங்கவயல் சந்தைக்கு வரும். வரும்போது நான்கு குடம் ஏரித் தண்ணீரும் புதுக் கடலையும் இருக்கும். திரும்பும்போது சில வாரம் மங்கம்மாவும் வண்டியில் ஏறிக்கொள்வாள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடியலில் துணி பிழிந்து கொடுப்பாள். ஷாஃப்ட் வாசலில் அவள் கடலை இப்போது உதட்டால் நசுக்கித் தின்கிற பதத்துக்கு இருந்தது. தேங்காய்ப் பத்தையும் கறிவேப்பிலையும் போட்டால் சந்தைத் தெரு வரைக்கும் மணக்கும். மிச்சத்தைக் கத்தரிக்காயோடு குழம்பு வைப்பாள். பார்வதம்மா சுண்டலை 'உஸ்லி' என்பாள், பேர்தான் வேறு. தங்கவேலு தினமும் இரண்டு இலை வாங்கினான். பழைய பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மங்கம்மா முழுகாமல் இருந்தாள். சோறு பிடிக்கவில்லை. வேண்டியதெல்லாம் அந்த இலையின் புளிப்புதான். பார்வதம்மா கொழுந்தைக் கிள்ளிக் கட்டி அனுப்புவாள்; மங்கம்மா அதை வைத்துக்கொண்டு நாள் பூராவும் மெல்லுவாள். மாசி பிறந்தது. நிறைமாதம்.

"வண்டியில ஏறாதமே. குலுக்கும்," என்றான் முனிரத்தினம்.

"இந்த ஒரு வாட்டிதான்யா. அறுப்புக்கு முன்னால ஒருக்கா பாத்துட்டு வந்துடறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நாள் முழுக்கப் பூமிக்குள் இருக்கிறவன். பச்சையைப் பார்க்க வேண்டும் என்றால் அது என்ன ஆசை என்று அவனுக்குப் புரிந்தது. வைக்கோலை அடர்த்தியாகப் பரப்பி, அவனே அவளை வண்டியில் ஏற்றிவிட்டான்.

மறுநாள் விடியலில், துணி பிழியக் குனிந்தவளுக்கு இடுப்பில் வலி எடுத்தது. பார்வதம்மா வீட்டுக்கு நடக்க நேரமில்லை. செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பனி சுற்றிலும் இறங்கி நின்றது. ஏரி தெரியவில்லை, ஊர் தெரியவில்லை. பார்வதம்மாவின் குரல் மட்டும் மிக அருகிலிருந்தும் பிறகு எங்கோ தூரத்திலிருந்தும் வந்தது. வலி வரும்போது கையில் அகப்பட்ட செடியைப் பற்றினாள். பழுத்த காய்கள் உள்ளங்கையில் உடைந்தன. கிணற்றுக்குள் அடியில் நிற்பது போலவும், மேலே யாரோ குடத்தை இறக்குவது போலவும் ஒரு மயக்கம். அப்புறம் ஓர் அழுகைச் சத்தம்.

"துணி, அந்தத் துணியால சுத்துங்க அக்கா..."

"அய்யோ, அது வேணாம். புளிப்பு. பிள்ளைக்கு எரியும்," என்று பார்வதம்மா தன் கம்பளியை உருவினாள். "பொண்ணு. மூக்கைப் பாரு, எவ்வளவு கூர்!"

வெயில் ஏறிப் பனி கலைந்தபோது, கம்பளிக்குள்ளிருந்த முகத்தை மங்கம்மா முதல்முறையாகச் சரியாகப் பார்த்தாள். சேதி கேட்டு ஷிஃப்ட் முடிந்த கையோடு ஆறு மைலும் ஓடிவந்தான் முனிரத்தினம். சுரங்கத் தூசியோடு குழந்தையைத் தொடத் தயங்கி, ஏரியில் இறங்கி முக்குளித்துவிட்டு வந்து வாங்கிக்கொண்டான். குணசுந்தரி என்று பேர் வைத்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து சில வருஷங்களில் பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாய் வழியாகத் தங்கவயலுக்கே வந்தது. முதல் நாள் லைனே குழாயடியில் திரண்டது. மங்கம்மா உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். தெரிந்த ருசி. அந்த வாரத்திலேயே எல்லார் வீட்டிலும் கடலை வெந்தது. சுண்டல் கூடை ஒன்று ஐந்தானது. அவளுக்கு வியாபாரம் பாதியாகக் குறைந்ததில் முதலில் சங்கடம் இருந்தது; தாளிப்பு எப்படி என்று கேட்டு வந்தவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னாள். பிறகு சுண்டலோடு கடலைமாவில் பஜ்ஜியும் போட ஆரம்பித்தாள்.

குழாய்க்காகக் கரையை உயர்த்தியதில் ஏரியில் இப்போது தண்ணீர் உயரமாக நின்றது. வண்டல் நிலம் வெளியே தெரிவதே இல்லை. பார்வதம்மா மேட்டில் வேறு நிலம் பார்த்துக்கொண்டாள். "ஏரியோட நிலம்தானே, கொஞ்ச நாள் நான் வெச்சிருந்தேன்," என்றாள்.

குணசுந்தரிக்கு ஆறு வயதானபோது மங்கம்மா அவளைக் கரைக்குக் கூட்டிப்போனாள். காலை வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கை நீட்டிக் காட்டினாள்.

"தோ, அங்கதான் நீ பொறந்த."

குழந்தை வெகுநேரம் பார்த்தது. "தண்ணிக்குள்ளயா? அப்ப மீனெல்லாம் என்னைப் பாத்துச்சா?"

"பாத்திருக்கும்," என்றாள் மங்கம்மா.

மேட்டு நிலத்தில் பார்வதம்மா வைக்கோலைக் கொளுத்திப் பச்சைக் கடலையைச் செடியோடு வாட்டிக்கொண்டிருந்தாள். மூவரும் கரி படிந்த காய்களை ஊதி ஊதி உரித்துத் தின்றார்கள். குணசுந்தரியின் வாயெல்லாம் கறுப்பு.