வாளையார் காட்டில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை

கஞ்சிக்கோட்டில் ரயிலேறி என்னருகே உட்கார்ந்தவர், தான் வேலை பார்த்து, இப்போது மூடிப்போன தொழிற்சாலையின் சீருடைச் சட்டையையே போட்டிருந்தார். மடியில் லேப்டாப், அதில் கேபிளால் இணைத்த போன். கோவை இன்டர்வியூவில், தான் எழுதிய ஆப்பை அந்தப் போனில் ஓட்டிக்காட்ட வேண்டும். ஆப்பை ஓட்டிப்பார்க்க ஒவ்வொரு முறை ரன் பட்டனை அழுத்துமுன்பும் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆப் ஓடுதுங்க. ஸ்கிரீன்ல வர்ற இந்த மஞ்சள் எச்சரிக்கை மட்டும் போக மாட்டேங்குதுங்க."

எனக்கும் அதே தொழில்தான். "போன்ல இருக்கிற ஆப், லேப்டாப்ல சேந்திருக்கிற கேஷ் ஃபைல் எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஓட்டுங்க," என்றேன் மிதப்பாக.

அழித்தார். ஆப் எழுதும் எடிட்டர், அதை ஓட்டத் தேவையான எல்லாவற்றையும் இணையத்திலிருந்து புதிதாக இறக்கத் தொடங்கியதும் வாளையார் காடு வந்தது. சிக்னல் போனது.

"ஏனுங்க, நேத்து ஊட்டுல ஓடுச்சுங்களே," என்றார்.

கோவை வந்தும் பாதிகூட இறங்கவில்லை; இன்டர்வியூவில் காட்டப் போனில் ஆப்பும் இல்லை. எழுந்தவர், விரலைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். "நீங்க நல்லதுக்குத்தானுங்க சொன்னீங்க."

அந்த எச்சரிக்கையால் ஒரு கெடுதலும் வராது என்பது எனக்கு முன்பே தெரியும்.