முதலாளியின் பீரோவில் என் பட்டம்

சுதந்திரம் வந்து ஆறாவது வருடம், ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை. என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. பி.ஏ. முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு, ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் குமாஸ்தா வேலைக்குப் போய் நின்றேன்.

முதலாளி விண்ணப்பத்தைப் படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

“படிப்பு ஜாஸ்தியா இருக்கே தம்பி. தோல் கட்டுக்கு நம்பர் போட எஸ்.எஸ்.எல்.சி. போதும். முந்தி இருந்த பி.ஏ. மூணே மாசத்துல சர்க்கார் வேலைக்குப் போய்ட்டாரு.”

“பி.ஏ. மூக்கு இந்த நாத்தத்தத் தாங்காது முதலாளி,” என்றார் பக்கத்தில் நின்ற மேஸ்திரி.

நான் போகமாட்டேன் என்றேன்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

வெளியே பெஞ்சில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். பட்டச் சான்றிதழின் அசலை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். இது இல்லாம எந்த ஆபீசுலயும் என்னை எடுக்க மாட்டாங்க.” அவர் கேட்கவில்லை; நானாகக் கொடுத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தார். மறுநாளே எனக்கு வேலை.

பதினான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, வேலூர் சர்க்கார் அலுவலகம் ஒன்றிலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. யாருக்கும் சொல்லாமல் போட்ட விண்ணப்பம். அடுத்த வெள்ளிக்கிழமை அசலோடு வரவேண்டும். முதலாளியோ முந்தின நாள்தான் பத்து நாள் வேலையாக மெட்ராஸ் போயிருந்தார். அவர் வீட்டில் கேட்டால் விஷயம் வெளியே தெரியும். வேலூரில் தேறாவிட்டால் இருக்கிற வேலையும் போகும். அத்தாட்சி வாங்கிய நகலோடு போனேன்.

“அசல் எங்கே?”

“வேலை செய்யற இடத்துல, முதலாளிகிட்ட.”

“அடகு வெச்சிருக்கீங்களா?” என்றார் அதிகாரி. பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு அது அடுத்த புதன்கிழமை முடிந்தது.

இடையில் திங்கட்கிழமை முதலாளி ஊர் திரும்பியதும் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“சாவி வீட்லதானே இருந்துச்சு? கேட்டிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பாங்களே. அன்னிக்கே திருப்பித் தரணும்னு இருந்தேன், மறந்துட்டேன்.”

“அதை நம்பித்தானே வேலை கொடுத்தீங்க?”

“காயிதத்த நம்பியா? போறவங்க எப்படியும் போவாங்க தம்பி. வந்த அஞ்சு பேருல உங்க கையெழுத்துதான் நல்லா இருந்துச்சு. இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்னு எடுத்தேன்.”

சாயங்காலமே சான்றிதழைக் கொடுத்தனுப்பினார். அந்த ஷாப்பில் இன்னும் பதினொரு வருடம் தோல் கட்டுகளுக்கு நம்பர் போட்டேன். கையெழுத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.