வண்டி மை

அயனம்பாக்கத்தில் கன்னியம்மாள் அரைத்த வண்டி மைக்கு ஈடு கிடையாது. வைக்கோலைக் கரியாக்கி, அதற்கென்றே வைத்திருந்த கல்லில் அரைத்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைப்பாள். அதைத் தடவிய அச்சு முனகாது. அக்கம்பக்கத்தார் கொட்டாங்கச்சியோடு அவள் வாசலுக்கு வருவார்கள். புருஷன் தசரதன் அவளை மெச்சிய ஒரே விஷயம் அதுதான், அதுவும் ஊரார் காதுபட மட்டும்.

அந்த மனுஷனுக்கு டிராக்டர் ஆசை வந்து தொலைத்தது. ஏரிப் பாசனத்தில் அவனுக்கு இருந்தது கொஞ்ச நிலம். பெரிய டிராக்டர் திரும்பக்கூட இடம் பற்றாது. பட்டணத்துக் கடையில் சின்னதாக ஒன்று இருந்தது. கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். மாதாமாதம் கடை ஆள் வந்து கழற்றிப் பார்த்து எண்ணெய் போட்டுவிட்டுப் போவான், அதற்குத் தனியாகக் கட்டவேண்டும். இல்லையா, நீயே பார்த்துக்கொள், பிறகு எங்களைத் தேடி வராதே.

"ஆள வெச்சிக்கோய்யா," என்றாள் கன்னியம்மாள். "அதப் பத்தி நமக்கு இன்னா தெரியும்? மாட்டயும் விக்காத. ஒரு மூலையில கெடந்துட்டுப் போவட்டும்."

"கெடக்கறதுக்கு வைக்கோலு உங்கப்பன் ஊட்லருந்து வருதா?" என்று சீறினான். "பொறந்ததுலருந்து வண்டி ஓட்றவன் நானு. என் வண்டியப் பாத்துக்க பட்டணத்துலருந்து ஒருத்தன் வரணுமா?"

ஆனை வாங்கியவன் அங்குசம் வாங்க அழுதானாம். செவலை, மயிலை என்ற இரண்டு எருதுகளும் அதே ஊர் உலகநாதன் கொட்டகைக்கு விலைக்குப் போயின. கன்றிலிருந்து வளர்த்தவள் அவள். கயிறு கைமாறியபோது வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

டிராக்டரைக் கொண்டுவந்து விட்ட கடை ஆள் ஒரு டப்பாவைக் கொடுத்தான். "இது கிரீஸ். சக்கரத்துக்கு மறக்காம போடுங்க."

"கிரீஸுன்னா இன்னா?"

"உங்க வண்டி மை மாதிரின்னு வச்சுக்குங்க."

'மாதிரி' காற்றோடு போயிற்று; 'மை' மட்டும் தசரதன் காதில் ஒட்டிக்கொண்டது. டப்பா தீர்ந்ததும் இன்னொன்று வாங்கப் பட்டணம் போக அவனுக்கு மனம் வரவில்லை. மை அரைக்கச் சொன்னான். கன்னியம்மாள் தயங்கினாள். "அந்தாளே சொன்னான்டி," என்று அதட்டினான். அவளும் அரைத்தாள். தன் மாடுகளை விழுங்கிய மிஷின்மேல் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் வேலையில் குறை வைக்கத் தெரியாதவள், துணியில் சலித்து அரைத்துக் கொடுத்தாள்.

புரட்டாசி மழை பெய்து ஊரே ஏர் பூட்டிய அன்று, பாதி வயலில் டிராக்டர் கிறீச்சிட்டு நின்றது. முன்சக்கரம் சாய்ந்துவிட்டது. தசரதன் பட்டணம் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அதே ஆளை அழைத்து வந்தான். அவன் சக்கரத்தைக் கழற்றி, கறுப்பு விழுதை விரல்களில் தேய்த்தான். நறநறத்தது.

"கரியை யாருங்க உள்ள வச்சது? மாட்டு வண்டி மெதுவா போவும், தாங்கும். இந்த வேகத்துல இரும்பை அரம் போட்ட மாதிரி தின்னுடுச்சு." மாற்றுச் சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், அங்கே சண்டை மூண்டுவிட்டதால் கப்பலை நம்பமுடியாது என்றும் சொன்னான்.

தசரதன் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "எல்லாம் இவ அரைச்ச மை!"

ஊருக்கு அது போதாதா? அவளிடம் மை வாங்கித் தடவிய வண்டிக்காரர்களே 'மிஷினுக்கு மை வெச்சவ' என்று பேர் வைத்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கன்னியம்மாள் கல்லைக் கழுவி வைத்தவள், அப்புறம் அதைத் தொடவில்லை.

ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் நெல் இல்லை. தசரதன் உலகநாதனிடம் கூலிக்கு மாடு கேட்டான். வந்தவை செவலையும் மயிலையும். முதல் வேலையாக, கயிறு கட்டிய டிராக்டரை வரப்போரம் இழுத்துப் போட்டன. கன்னியம்மாளைக் கண்டதும் மயிலை நின்றுவிட்டது. உலகநாதன் அதைக் கழியால் அடித்தான்.

"ரவோண்டு மை இருந்தா குடு தங்கச்சி, என் வண்டி கத்துது," என்றான் உலகநாதன்.

"அவ மையா? வாணாம் மச்சான்," என்று சிரித்தான் தசரதன். "உன் அச்சும் பூடும்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

கன்னியம்மாள் அவன் எதிரே வந்து நின்றாள்.

"மாட்ட வித்தது நீ. ஆளு வாணாம்னது நீ. மை மட்டும் எப்டிய்யா என்னுதாச்சி?"

சிரிப்பு அடங்கியது. தசரதன் ஏரைப் பிடித்தான்.

பொழுது சாய்ந்து ஏர் அவிழ்த்ததும், மயிலை பழக்கத்தில் அவள் வீட்டுக் கொட்டகைக்கே திரும்பியது. இந்தத் தடவை கன்னியம்மாளே கயிற்றைப் பிடித்து உலகநாதன் கையில் கொடுத்தாள்.