எலுமிச்சம்பழம் நசுங்காத கார்

என் சித்தப்பா பந்தயக் கார் செய்தார் என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. செங்கல்பட்டில், எங்கள் வீட்டுக் கிணற்றடியில், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினை வைத்துச் செய்தார். சென்னைக்கு வடக்கே யுத்தகாலத்து விமானத் தளம் ஒன்றில் கார்ப் பந்தயம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவோ, தம்பிக்குப் பம்பாயில் குமாஸ்தா வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

"இது மகாபலிபுரம் கடற்கரை வரைக்கும் தானா போய்த் திரும்பட்டும், வேலை வேணாம்னு நானே எழுதிடறேன். இல்லாட்டி நீ ரயில் ஏறிடணும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

எனக்குச் சடை பின்னத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை சித்தப்பாதான். சடையில் கிரீஸ் வாடை அடிக்கும், அது வேறு விஷயம். அவர் இல்லாத வீட்டை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

மோட்டார் சைக்கிள் செயின் காரின் பாரம் தாங்காமல் அறுந்துகொண்டே இருந்தது. செயினே வேண்டாம், இன்ஜின் பக்கம் ஒரு பல்சக்கரம், பின் அச்சில் ஒரு பல்சக்கரம், இரண்டும் கடித்து ஓடட்டும் என்று முடிவு செய்தார். குத்துவிளக்கு வார்ப்பவரிடம் இரண்டையும் வெண்கலத்தில் வார்த்து வாங்கி, அரத்தால் பல் பல்லாக ராவினார். எங்கே இடிக்கிறது என்று பார்க்க அம்மாவின் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசிச் சுற்றுவார். குங்குமம் அழிந்த இடத்தில் அரம் போடுவார்.

"என் நெத்திக்கு இல்ல, சக்கரம் மட்டும் சுமங்கலியா கீது" என்பாள் அம்மா.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தெருவில் காரை நிறுத்திப் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சித்தப்பா சாமியைக் கும்பிட்டு கிளட்சை விட்டார். கார் துள்ளிப் பின்னால் பாய்ந்து விளக்குக் கம்பத்தில் இடித்து நின்றது. பழங்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஒன்றையொன்று கடிக்கும் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகத்தான் சுற்றும் என்பது அத்தனை நாளும் அவர் புத்திக்கு எட்டவில்லை. செயின் ஓட்டிய பக்கமே இதுவும் ஓட்டும் என்று நம்பிவிட்டார். எல்லா கியரிலும் கார் பின்னால்தான் போகும்!

தெருவே சிரித்தது. அபசகுனம் என்று அம்மா முணுமுணுத்தாள். சித்தப்பா முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதே ரயில் சத்தம் கேட்டது.

அப்பா முன்னே வந்தார். காரைக் கம்பத்திலிருந்து தள்ளி நகர்த்தினார். எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி, மண்ணைத் துடைத்து, சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார்.

"இப்ப எடுடா. போய்த் திரும்பணும்னுதானே சொன்னேன்? எந்தப் பக்கம் பாத்துன்னு சொன்னேனா?"

போனோம். காரின் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, "மாடு! பள்ளம்!" என்று நான் கத்த, சித்தப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். சைக்கிள் வேகம்தான். அப்பா சைக்கிளில் வந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வண்டிக்காரர், "இன்னா நைனா, காரு பின்னால போய்கினு கீது?" என்றார். "கார் நேராத்தான் போவுது, நீதான் திரும்பி நிக்கிற" என்றார் சித்தப்பா. என் முதுகுக்குப் பின்னால் அப்பாவும் சித்தப்பாவும் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பாதையை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாதென்று எனக்கு உத்தரவு, அதனால் நான் பார்க்கவில்லை.

மகாபலிபுரத்தில் சித்தப்பா ஈர மணலில் இரண்டு வட்டம் போட்டு, வெகுநேரம் பார்த்திருந்து, நடுவில் மூன்றாவதாக ஒன்று போட்டார். "நடுவுல இன்னொரு சக்கரம் அண்ணே! நேரா போயிடும்!" என்று குதித்தார். பிற்பாடு அதே காரில் பந்தயத்துக்கும் போய், கடைசிக்கு முந்தியவராக வந்தார்.

மகாபலிபுரம் போன அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் அப்பா பம்பாய்க்குக் கார்டு எழுத உட்கார்ந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டேன்.

"தோத்துட்டியேப்பா."

"ஆமாம்மா, நல்லாத் தோத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டே எழுதினார். தோற்றவருக்கு எதற்கு விசில் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.