யார் கூப்பிட்டால் திரும்புவான்

என் மகன் தலையை ஆட்டியதை முதலில் பார்த்தது நான்தான். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. சிரிக்காதீர்கள். அவன் முதலில் குப்புற விழுந்தது, முதலில் உட்கார்ந்தது, முதல் பல் எட்டிப் பார்த்தது, எல்லாவற்றையும் பார்த்தவர் என் நாத்தனார். அந்த நேரங்களில் நான் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்து யார் யாருடைய கல்லீரலையோ டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

வீடு திண்டிவனத்தில். காலையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் திரும்பி வர ஏழாகிவிடும். பிள்ளைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு, வருகிறாயா இல்லை வேறு ஆளைப் போடட்டுமா என்று சென்டரில் கேட்டுவிட்டார்கள். ஒரு ஆள் சம்பளத்தில் ஓடுகிற வீடு இல்லை எங்களுடையது. போனேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் இருந்தார். வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஒலக்கூர் பக்கம் வாழப்போய் இரண்டே வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவர். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். மெஷினுக்குப் பக்கத்திலேயே கொக்கியில் தூளி கட்டியிருந்தார். தூளியிலிருந்து ஒரு கயிறு வரும். அதன் நுனி அவருடைய இடது கால் கட்டைவிரலில் இருக்கும். வலது கால் மெஷினை ஓட்டும், இடது கால் என் பிள்ளையை ஆட்டும். அவன் முழித்திருந்தால் தூளியிலிருந்து முறைத்துப் பார்த்து வேலை வாங்குகிறானாம். அதனால் அவனுக்கு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார். நானும் வீட்டுக்காரரும் ராசி, நட்சத்திரம், எழுத்து எல்லாம் பார்த்து வைத்த பேர் ஒன்று இருந்தது. அதை யார் சீந்தினார்கள்!

நான் செருப்பைக் கழற்றும்போதே செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவார் அண்ணி.

"மேஸ்திரி இன்னிக்கு இன்னா பண்ணாரு தெரியுமா? தானா எழுந்து குந்திக்கினாரு!"

இன்னொரு நாள், "கேப்பக் கஞ்சி குடுத்துக்கினு இருந்தேன், ஸ்பூன்ல டிங்குனு ஒரு சத்தம். வாயத் தெறந்து பாத்தா பல்லு!"

நல்ல மனதோடுதான் சொல்வார். எனக்குத்தான் சுருக் சுருக்கென்று குத்தும். கை கால் கழுவிக்கொண்டு வந்து வாடா தங்கம் என்று கையை நீட்டினால், அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். "பாரேன், அம்மாகிட்ட வெக்கப்படறான்" என்பார் அண்ணி. பெற்றவளிடம் என்ன வெட்கம்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிடுங்காத குறையாக வாங்குவேன். அவன் வீரிட்டு அழுவான். ஒரு தடவை பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நானும் அழுதேன். வயிற்றெரிச்சல்தான், வேறு பேர் எதற்கு?

எட்டாவது மாதத்தில் ஒருநாள் பால் கொடுத்துவிட்டுப் பாயில் என் பக்கத்தில் படுக்கப்போட்டேன். கண் பாதி மூடியிருந்தது. தலையை இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம், வலது பக்கம் என்று உருட்ட ஆரம்பித்தான். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று யாருக்கோ சொல்வதுபோல இருந்தது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தேன். விட்டதும் மறுபடியும் ஆட்டினான். கூப்பிட்டேன், திரும்பவில்லை. ஐந்து நிமிடம் ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனான். மறுநாளும் அதே கதை. ஒரு வாரத்தில் பின்மண்டையில் முடி தேய்ந்து வட்டமாக ஒரு வழுக்கை விழுந்துவிட்டது.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "சூடா இருக்கும். எண்ண வையி, சரியாப் பூடும்" என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அண்ணியிடம் வேறு வழியில்லாமல் கேட்டேன்.

"என்கிட்ட இருக்கசொல்ல இந்த மாதிரி பண்றதே இல்லியேம்மா" என்றார். "உங்கிட்ட மட்டுமா பண்றான்?"

கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்தார். என்னால் அன்று சாப்பிட முடியவில்லை. என்னிடம் வந்தால் மட்டும் பிள்ளை வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறான் என்றால் நான் என்ன செய்ய? ஒரு பக்கம் அந்த ஆத்திரம். இன்னொரு பக்கம் பயம். மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் வருகிற பெரிய பெரிய வார்த்தைகளை எல்லாம் எழுத்துப் பிசகாமல் அடிப்பேன், அர்த்தம் அரைகுறையாகத்தான் தெரியும். அரைகுறையாகத் தெரிந்தவளுக்கு வருகிற பயம் ஒன்றுமே தெரியாதவளுக்கு வராது. வயது என்ற இடத்தில் எட்டு மாதம், பத்து மாதம் என்று நான் அடித்த ரிப்போர்ட்டுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

பயந்த மனசு பழிபோட ஆள் பார்க்கும். எனக்கு ஆள் முன்னறையிலேயே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தூளி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயை அடக்க முடியவில்லை.

"நாள்பூரா இப்படி ஆட்டிக்கினே இருந்தா பச்சப்புள்ள மூள கலங்காதா அண்ணி? அதான் தலைய ஆட்டறான். இனிமே தூளியே வேணாம். கீழ போட்டுத் தூங்க வைங்க."

அண்ணி மெஷினை நிறுத்தினார். குனிந்து கால்விரலிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டு வரமாட்டேன் என்றது. "சரிம்மா. உம் புள்ள" என்றார். உம் புள்ள என்று அவர் வாயாலேயே கேட்டது எனக்கு இனித்தது. அவ்வளவு கேவலமாகத்தான் இருந்தேன்.

இரண்டு நாள்கூட ஆகவில்லை. மத்தியானம் சென்டருக்கு போன் வந்தது. அண்ணிதான் பேசினார்.

"இப்ப பகல்லயும் பண்றாம்மா. தூக்கம் வரசொல்ல எல்லாம் பண்றான். எனக்குப் பேஜாரா இருக்குது. ஜல்தியா டாக்டருகிட்ட காட்டிடலாம். ஆனா ஒண்ணும்மா, நான் கூப்ட்டா நிறுத்திட்றான்."

கடைசியாகச் சொன்னதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் குரலுக்கு அவன் ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை.

விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் டோக்கன் போட்டேன். அவர் எழுதி அனுப்பும் சீட்டுகள் எங்கள் சென்டருக்கு வரும். அவர் கையெழுத்து எனக்குத் தெரியும், என் முகம் அவருக்குத் தெரியாது. அன்று வீட்டுக்காரர் வேலை பார்க்கிற கடையில் லோடு இறங்குகிற நாள், அவரால் வர முடியாது. அண்ணி புடவை மாற்றிக்கொண்டு தயாராக நின்றார்.

"நானும் வர்றேம்மா. வழியில நீ ஒண்டியா எப்படி வச்சிக்கினு போவ?"

"வேணாம் அண்ணி. கல்யாண ஜாக்கெட்டெல்லாம் அப்படியே கெடக்குது இல்ல. எம் புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் மாற்றிய புடவையோடே மெஷினில் போய் உட்கார்ந்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் மடியில் மூன்று தடவை ஆட்டிவிட்டான். பக்கத்து சீட்டு அம்மாள், "இன்னாடா, எல்லாத்தையும் வேணாங்கற?" என்று கொஞ்சினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் நிதானமான மனிதர். பிள்ளையின் கண், காது, உச்சிக்குழி, கை கால் பிடி எல்லாம் பார்த்தார். உட்கார வைத்துப் பார்த்தார். அவன் தூங்குகிற நேரம் அது. மேஜையில் படுக்கவைத்ததும் ஆரம்பித்தான்.

"கூப்பிடுங்கம்மா" என்றார்.

"தங்கம். செல்லம். அம்மா பாரு, அம்மா."

தலை நிற்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நிற்கவில்லை. டாக்டர் பக்கத்தில் கையைத் தட்டினார். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு, மறுபடியும் இடது, வலது.

"அநேகமா பழக்கமாதான் இருக்கும். தூக்கத்துக்கு முன்னாடி சில குழந்தைங்க இப்படிப் பண்ணும். ஆனா நல்லா பழகின குரலக் கேட்டா நிறுத்தணும். வலிப்பு மாதிரி ஏதாவதுன்னா யார் கூப்பிட்டாலும் நிக்காது. அதத்தான் பாக்கறேன்" என்றார். "பகல்ல குழந்தை யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்டதான் டாக்டர்."

"வேற யாராவது பாத்துக்கறாங்களா?"

"யாரும் இல்ல. நான் வீட்லதான் இருக்கேன்" என்றேன்.

பையில் சென்டரின் அடையாள அட்டை கிடந்தது. பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்கிறீர்கள்! அண்ணியைப் பற்றிச் சொன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பார். அண்ணி வருவார், ஒரு சத்தம் கொடுப்பார், இவன் திரும்பிப் பல்லைக் காட்டுவான். அதை நான் நின்று பார்க்க வேண்டும். மற்ற எதுவானாலும் தாங்குவேன், அதை மட்டும் மாட்டேன் என்று தோன்றியது.

டாக்டர் சீட்டை எடுத்தார். பாண்டிச்சேரியில் தலையில் ஒயர் வைத்து எடுக்கிற ஒரு டெஸ்ட். அப்புறம் மூளை ஸ்கேன். "ஸ்கேன்ல குழந்தை அசையக்கூடாது. அதனால மயக்க மருந்து குடுத்துதான் எடுப்பாங்க. பயப்படாதீங்க" என்றார்.

வெளியே மருந்துக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எட்டு மாதப் பிள்ளைக்கு மயக்க மருந்து. மடியில் அவன் தலை உருண்டுகொண்டே இருந்தது. பாவி, நீ என்ன காரியம் பண்ணிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்கு நானே கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்தடவையாக "மேஸ்திரி" என்று கூப்பிட்டேன். இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை அண்ணி கூப்பிட்டாலும் நிற்காதோ? இது நிஜமாகவே வலிப்புதானோ? அதுவரை எந்தக் குரலுக்கு இவன் திரும்பக்கூடாது என்று நினைத்தேனோ, அந்தக் குரலுக்குத் திரும்பிவிடு சாமி என்று வேண்டிக்கொண்டே போனைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன்.

மெஷின் சத்தம் கேட்டு, நின்றது. "இன்னாம்மா, டாக்டரு இன்னா சொன்னாரு?"

அவனை அவர் கூப்பிடக்கூட இல்லை. என்னிடம்தான் பேசினார். தலை பட்டென்று நின்றது. கண்ணைப் பெரிதாகத் திறந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தான்.

"அண்ணி, அவன்கிட்ட ஏதாவது பேசுங்க."

"மேஸ்திரி! இன்னா பண்றீங்க மேஸ்திரி? ஊசி போட்டாங்களா?"

சிரித்தான். அந்த ஒற்றைப் பல் தெரியச் சிரித்து, போனை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அவன் பிறந்த அன்றுகூட வரவில்லை. அதே நேரம் அப்படி ஒரு எரிச்சலும் வந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டோக்கன் கொடுக்கிற பெண் தடுத்தாள். "இன்னாக்கா, முடிச்சிட்டுத்தான போன?" என்றாள். ஒரு நிமிஷம்மா என்று தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலைக்குப் போவது, அண்ணி, தூளி, நான் நிறுத்தச் சொன்னது, எதையும் விடவில்லை. அவர் இன்னொரு தடவை போன் போடச் சொன்னார். பிள்ளையைப் படுக்கவைத்துக் காத்திருந்தோம். ஆரம்பித்ததும் அண்ணியைப் பேசச் சொன்னேன். மறுபடியும் நின்றான். டாக்டர் காதுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று போனை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அவனும் மாற்றி மாற்றித் திரும்பினான்.

"தூளியில ஆடித் தூங்கிப் பழகிட்டான். தூளி இல்லாத இடத்துல அவனே ஆடிக்கறான், அவ்வளவுதான்" என்றார். டெஸ்ட் இப்போது வேண்டாம், இரண்டு மாதம் கழித்து வாருங்கள், நடுவில் அதிகமானால் உடனே வாருங்கள் என்று சீட்டில் அடித்து எழுதினார். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த அம்மா பேர முதல்லயே சொல்றதுக்கு உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?"

நான் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசற்படியிலேயே நின்றிருந்தார். காலையில் மாற்றிய அதே புடவை. ஒன்றும் இல்லையாம், பழக்கம்தானாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"தூளிய நான் நிறுத்தச் சொன்னதுதான் தப்பு அண்ணி. அதனாலதான் அதிகமாச்சாம்" என்றேன்.

"அத்த வுடு. எங்கன்னா போவுது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆமா, இன்னாத்துக்கு திடீர்னு போன் பண்ண? ரெண்டு தபா வேற. எனக்கு இங்க கை கால் ஓடல."

சும்மாதான் போட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அன்றைக்குச் சொன்ன பொய்யே எனக்குப் போதும் என்றிருந்தது.

"உங்களத் தேடினான் அண்ணி" என்றேன்.

அவர் கையை நீட்டவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் என் இடுப்பில் இருக்கும் பிள்ளைக்குக் கை நீட்டுவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவனோ அவர் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தான். காலையில் அவன் தூங்கும்போதே நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் வந்ததும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்வேன். அந்த எட்டு மாதத்தில் நானாக அவனை எடுத்து அவர் கையில் கொடுத்ததே இல்லை. அன்று கொடுத்தேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.