மேசையோடு மாட்டிக்கொண்ட நாள்

என் முதல் இரண்டு நாவல்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினேன். ரசம் கொட்டிய அத்தியாயங்கள்கூட உண்டு. ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மஹய்யாவவில் உள்ள எங்கள் வீட்டின் மாடியில் உடைந்த சாமான்கள் கிடந்த சின்ன அறையை எனக்கென்று பிடித்துக்கொண்டேன். பலகைத் தரை, கம்பி போட்ட ஒரே ஜன்னல், வெளியே சரிவு முழுக்கத் தகரக் கூரைகள்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் பெரிய தேக்கு மேசை ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். அது வீட்டுக்கு வந்து இறங்கியதும் என் கணவர் அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இது மேசையா, மேடையா?"

மடவளையிலிருந்து வந்த தச்சர், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், கால்களைக் கழற்றி, பலகையைச் சாய்த்து மாடிக்கு ஏற்றி, உள்ளே வைத்துக் கால்களை மறுபடி பொருத்திக் கொடுத்தார். புத்தகத் தட்டு அடிக்க மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டு, திகனயில் வேறொரு வேலைக்குப் போனார். கணவர் தேநீர் போடக் கீழே இறங்கினார்.

கதவைச் சாத்தினேன். என் அறை! என் மேசை! நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். வெளிச்சம் இடப்பக்கம் விழட்டுமே என்று மேசையைக் கொஞ்சம் தள்ளினேன். நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். 'டக்'கென்று ஒரு கால் உளுத்த தரைப்பலகைக்குள் இறங்கி நின்றுவிட்டது; எவ்வளவு இழுத்தும் அசையவில்லை. மேசையின் மறுமுனை கதவை அழுத்திக்கொண்டிருந்தது. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது.

தேநீரோடு வந்தவர் கதவைத் தள்ளினார். ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அந்த இடுக்கில் அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"மேசையத் தள்ளுனேங்க."

"எதுக்கு?"

சொல்ல வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. ஆளுக்கொரு பக்கம் கதவில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தோம்.

பாஸுக்குப் போன் போட்டார். இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். அறையில் கிடந்த கொடிக்கயிற்றை ஜன்னல் கம்பி வழியாக இறக்கினேன். கீழேயிருந்து ஒரு பையில் ஒடுக்கமான பிளாஸ்க்கும் இரண்டு பணிஸ் ரொட்டியும் கட்டிவிட்டார். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கத்தினார்: "என்ன அண்ணே, அக்காவப் பூட்டி வச்சிருக்கீங்களா?"

"அவளே பூட்டிக்கிட்டா!"

வேறு வழியில்லை, ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மூன்றாவது நாவலில், நான்கு மாதமாக ஒரு கல்யாண வீட்டு வாசலில் நகராமல் நின்ற அத்தியாயம் அது. அன்றைக்கு என்ன வந்ததோ, கதாநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்! கை வலிக்க வலிக்க எழுதினேன். எழுதியதைப் படித்து நானே சத்தமாகச் சிரித்தேன். பன்னிரண்டு பக்கம். என் ஆயுளில் ஒரே மூச்சில் அவ்வளவு எழுதியதில்லை.

பாஸ் வந்து இடுக்கால் எட்டிப் பார்த்தார்.

"மிஸ், நல்லா ஈக்கிறீங்களா? கதவுட அடிப்பலகையக் கழட்டப் போறேன். தள்ளி நில்லுங்க."

"அஞ்சு நிமிஷம் பொறுங்க பாஸ். இந்த வரிய முடிச்சிர்றேன்."

வெளியே கணவரின் குரல்: "நீங்க தட்டுங்க பாஸ். அவ முடிக்க மாட்டா."

பலகை கழன்றது. ஐம்பத்தெட்டு வயதில், சேலையைச் செருகிக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். இருவரையும் தள்ளிவிட்டு நேராகக் கழிப்பறைக்கு ஓடினேன். பிளாஸ்க் முழுவதையும் குடித்திருந்தேனே!

திரும்பி வந்தபோது பாஸ் உள்ளே புகுந்து மேசைக்காலைத் தூக்கி, கதவைத் திறந்துவிட்டிருந்தார். இருவரையும் கதிரையில் உட்காரவைத்து, பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தேன். கணவர் இரண்டு இடத்தில் சிரித்தார். பாஸ் உளியை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் கேட்டார்.

"பொறகு அந்தப் புள்ளைக்கு என்ன நடந்த?"

"எனக்கே தெரியாது பாஸ்," என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.