ஆளுநரின் சொந்தச் சுவர்

வழக்கு தோற்றால் சட்டம் சரியில்லை என்பார்கள், மனு திரும்பி வந்தால் குமாஸ்தா சரியில்லை என்பார்கள். தில்லி கோர்ட்டுகளில் என்னைப் போல வழக்குக் கட்டுத் தூக்கும் குமாஸ்தா சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

எதிராளி யார்?

மார்ச் கடைசியில் எங்கள் வக்கீல் ஆபீசுக்குச் செல்வியக்கா வந்தார். விழுப்புரம் பக்கத்துக்காரர், மோதி பாக்கில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். அவர் குடிசைக்குப் பின்னால் பங்களா கட்டியவர், காம்பவுண்டுச் சுவரை வடிகாலை அடைத்து எழுப்பிவிட்டார். போன மழையில் குடிசைக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுத்த மழைக்குள் வடிகாலைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வழக்கு.

ஆனால் அந்த மனிதர் இப்போது ஏதோ ஒரு மாநிலத்துக்கு ஆளுநர். வழக்கே போட முடியாதோ என்று நினைத்தேன். பதவியில் இருக்கும்வரை கிரிமினல் வழக்கு நடக்காது, கைதும் கிடையாது என்று மட்டும் தெரியும். எங்கள் வக்கீலம்மா அசரவில்லை. "சுவர் அவரோட சொந்தச் சுவர், பதவிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரெண்டு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுத்துட்டு சிவில் கேஸ் தாராளமா போடலாம்."

காத்திருந்த நாட்கள்

நோட்டீஸை நான்தான் டைப் அடித்து அனுப்பினேன். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் செல்வியக்கா வந்து இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார். மே மாதம் ஒருநாள் புழுதிக் காற்றோடு நாலு தூறல் விழுந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஆளுநருக்கு நோட்டீஸ் போனதிலிருந்து, தெருவில் போலீஸ் ஜீப் நின்றாலே குடிசைக் கதவைச் சாத்திக்கொள்கிறாராம். "ஏன் தம்பி, அவரப் புடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னீங்களே, என்னப் புடிக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் இருக்கா?"

முகவரி

ஜூனில் வழக்குப் போட்டோம். முதல் நாளே எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நோட்டீஸ் கொடுப்பவர் எங்கே வசிக்கிறார் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டுமாம், சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் எங்கள் ஆபீஸ் முகவரியைப் போட்டிருந்தேன். குடிசைச் சந்துகளுக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்பதால் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவேன். நோட்டீஸ் செல்லாது, புதிதாகக் கொடுத்து மறுபடி இரண்டு மாதம் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார் நீதிபதி.

வராந்தாவில் செல்வியக்காவிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே மழை பிடித்திருந்தது. அவர் திட்டவில்லை. "எங்க வூடு எங்க இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதா தம்பி? அவரு அடைச்ச தண்ணி அங்கதான நிக்குது."

ஆளுநருக்குச் சட்டம் கொடுத்தது இரண்டே மாதம்தான். அதற்கு மேல் இரண்டு மாதம், அதுவும் மழை மாதங்களாகப் பார்த்து, நான் கொடுத்தேன்.